குறுவள மையக் கூட்டத்துக்கு நோட்டைக் கொண்டு வரச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளிகளின் தரத்தைப் பற்றித் தங்கள் நாளிதழில் வாசகர் கடிதங்கள் தொடர்ந்து வருகின்றன. ஸ்மார்ட் போர்டு வேண்டும் என்கிறார் ஒருவர். ஆங்கில வழி வேண்டும் என்கிறார் இன்னொருவர். ஆசிரியர்களுக்கு இன்னும் பயிற்சி கொடுங்கள் என்பது பலருடைய யோசனை. ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் வேலை பார்க்கும் நாங்கள் அந்தக் கடைசி யோசனையைப் பற்றி மட்டும் பேசுகிறோம். பயிற்சிக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் நாள் முழுக்க நடக்கும் பயிற்சியில், ஒரு குழந்தை எழுதிய ஒரு பக்கத்தைக்கூட யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

சென்னையில் தயாராகும் பவர்பாயிண்ட் மாவட்டத்துக்கு வருகிறது, வட்டார வள மையத்துக்கு இறங்குகிறது, கடைசியில் அருகருகே உள்ள சில பள்ளிகளுக்குப் பொதுவான குறுவள மையத்தில் ஒருவர் அதை வாசிக்க மற்றவர்கள் கேட்கிறார்கள். வருகைக் கையெழுத்து, ஒரு குழுப் படம், அதோடு சரி. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன்படி 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். அதில் ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் மற்றவர் தலையில் ஐந்து வகுப்பு. அந்த ஒரு நாளை ஈடுகட்டும் அளவுக்கு ஏதாவது கையில் கிடைத்தால்தான் பயிற்சிக்குப் போனதில் அர்த்தம்.

நாங்கள் சொல்லும் மாற்றுக்குச் செலவே கிடையாது. கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னதாக, அந்த மையத்தைச் சேர்ந்த எல்லாப் பள்ளிகளிலும் நான்காம் வகுப்புக்கு ஒரே ஒரு கணக்கைக் கொடுக்க வேண்டும். தேர்வு என்று சொல்லக் கூடாது. கரும்பலகையில் எழுதிப் போட்டு நோட்டில் செய்யச் சொன்னால் போதும். ரப்பரைப் பைக்குள் வைக்கச் சொல்லிவிட வேண்டும், அழித்துவிட்டால் குழந்தை எந்த வழியில் போனது என்பதே தெரியாமல் போய்விடும். சிவப்பு மையும் அன்றைக்கு வேண்டாம். நன்றாகப் படிக்கும் குழந்தைகளின் நோட்டாகப் பொறுக்கிக் கொண்டுவருவது நம் எல்லோருக்கும் கைவந்த கலை. அதற்கு இடம் கொடுக்காமல், வருகைப் பதிவேட்டில் 3, 8, 13, 18, 23 ஆகிய எண்களில் யார் இருந்தாலும் அவர்களின் நோட்டு வர வேண்டும். வகுப்பில் ஆறே பேர் என்றால் ஆறும் வரட்டும்.

உதாரணத்துக்கு 503-லிருந்து 187-ஐக் கழிக்கும் கணக்கு. நடுவில் பூஜ்யம் இருப்பதால்தான் இதைத் தேர்ந்தெடுக்கிறோம். விடை 316. தவறான விடைகளை மேசைமேல் பரப்பினால் அவை ஆளுக்கொன்றாக இருக்காது, நான்கைந்து குவியலாகத் தாமே பிரிந்துகொள்ளும். 484 என்று எழுதிய குழந்தை ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று பார்க்கவே இல்லை. 416 என்று எழுதியதற்குப் பூஜ்யம் 9 ஆவது வரை தெரியும், ஆனால் கொடுத்த 5-ஐ 4 ஆக்கவில்லை. 326-ல் நூறு குறைந்திருக்கிறது, பத்துகளின் இடத்துக்கு 10 வந்திருக்கிறது, ஒன்றுகளுக்குக் கொடுத்தபின் அது 9 ஆக வேண்டியது மட்டும் விட்டுப்போயிற்று. 690 எழுதியது கழித்தல் குறியைக் கவனிக்காமல் கூட்டிய குழந்தை.

இவற்றில் 226-தான் எங்களை யோசிக்க வைப்பது. பத்துகளில் ஒன்றும் இல்லை என்றதும் நேரே நூறுக்குத் தாவி, 5-ஐ 4 ஆக்கி, ஒன்றுகளை 13 ஆக்கிக்கொள்கிறது குழந்தை. பிறகு பத்துகளுக்காக மறுபடியும் நூறிடம் போய் 4-ஐ 3 ஆக்குகிறது. முதலில் எடுத்த நூறு வெறும் பத்தாகிப்போனது அதற்குத் தெரியாது. இது பெரும்பாலும் வகுப்பிலேயே வருகிற தவறு. ‘பக்கத்து வீட்டுல இல்லைன்னா அடுத்த வீட்டுல கடன் வாங்கு’ என்று நாம் சொல்லித் தருகிறோம். குழந்தை அப்படியே செய்கிறது. நான்கு பள்ளிகளிலிருந்து 226 வந்தால் அந்த நான்கிலும் அதே வாசகம் புழங்குகிறது என்று சந்தேகப்படலாம். தனித்தனியே நோட்டைத் திருத்தும்போது இது கண்ணில் படுவதே இல்லை.

ஒவ்வொரு குவியலுக்கும் மருந்து வேறு. 484 எழுதிய குழந்தைக்கு மூன்றிலக்கம் இப்போதைக்கு வேண்டாம். தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, 43-லிருந்து 17-ஐ எடுக்கச் சொல்ல வேண்டும். கட்டைப் பிரிக்காமல் 7 குச்சியை எடுக்க முடியாது என்பது கைக்குத் தெரிந்தபிறகே நோட்டுக்கு வர வேண்டும். 226-க்கும் 326-க்கும் பணம்தான் வழி. காகிதத்தில் வெட்டிய 100 ரூபாய்த் தாள் 5, 10 ரூபாய்த் தாள் 10, ஒரு ரூபாய் வில்லை 13 இருந்தால் ஒரு குழுவுக்குப் போதும். கையில் 503 ரூபாய், கடைக்காரருக்கு 187 கொடுக்க வேண்டும். ஒரு நூறை மாற்றினால் பத்துப் பத்து ரூபாய், அதில் ஒன்றை மாற்றினால் பத்து ஒரு ரூபாய். இப்போது 4 நூறு, 9 பத்து, 13 ஒன்று. மாற்றியபிறகும் கையில் இருப்பது 503-தானா என்று எண்ணிப் பார்க்க வைப்பது முக்கியம். 416 எழுதிய குழந்தைக்கு வேண்டியதும் அந்த எண்ணிப் பார்த்தல்தான். 690-க்கு ஒன்றும் பெரிதாக வேண்டாம், ஒரு வாரம் குறியைச் சுற்றி வட்டம் போட்டபிறகு கணக்கைத் தொடங்கச் சொன்னால் சரியாகிவிடும். அடுத்த கூட்டத்துக்கு அதே குழந்தைகளிடம் 604-லிருந்து 258-ஐக் கழிக்கச் சொல்லிக் கொண்டுவந்தால் மருந்து வேலை செய்ததா என்று தெரிந்துவிடும்.

அரசின் அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டமான ‘எண்ணும் எழுத்தும்’ 2022-23-ல் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்து, மறு ஆண்டு நான்கு, ஐந்துக்கும் விரிந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளைப் பிரித்தது நல்ல ஏற்பாடு, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் குழந்தை எந்த நிலையில் நிற்கிறது என்பதைச் சொல்லும் அந்தப் பிரிவு, ஏன் அங்கே நிற்கிறது என்பதைச் சொல்லாது. 484-ம் 326-ம் ஒரே மொட்டில் உட்கார்ந்திருக்கலாம். ஒரே பயிற்சித் தாளை இருவருக்கும் கொடுத்தால் ஒருவருக்கு அது வீண்.

தமிழிலும் இப்படிப் பிரிக்க முடியும். சொல்வதை எழுதச் சொல்லிவிட்டு, ள - ழ, ன - ண, ர - ற குழப்பம் தனி, கொம்பும் காலும் இடம் மாறியது தனி, பேச்சு வழக்கு எழுத்தில் வந்தது தனி என்று அடுக்கலாம். ‘என்ற ஊடு’ என்று எழுதும் குழந்தை எழுத்துப்பிழை செய்யவில்லை. நம் ஊரில் எல்லோரும் பேசுவதை எழுதியிருக்கிறது. அதை அடித்துவிடாமல், பக்கத்தில் ‘என் வீடு’ என்று எழுதி இரண்டையும் வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் போதும்.

திருப்பூர், அவிநாசி, பல்லடம், பெருந்துறைப் பக்கம் பனியன் கம்பெனிக்கும் மில்லுக்கும் வந்த வடமாநிலத்தவரின் குழந்தைகள் நம் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோரையும் ‘இந்திக்காரப் பிள்ளைகள்’ என்று ஒரே வரியில் சேர்த்துவிடுகிறோம். பிழைகளைப் பார்த்தால் அது சரியில்லை என்று தெரியும். பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்து இந்தி எழுத்து கற்ற குழந்தைக்கு எ - ஏ, ஒ - ஓ வித்தியாசம் புதிது, இந்தியில் அந்தக் குறில்களுக்குத் தனி எழுத்தே இல்லை. ள-வும் அதற்குப் புதிது. ஒடிசாவிலிருந்து வந்த குழந்தையின் மொழியிலேயே ள, ண இரண்டும் உண்டு. ‘கோ’ எழுத முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி போடும் வழக்கமும் ஒடிய எழுத்தில் உண்டு. அந்தக் குழந்தை தடுமாறுவது குறில் நெடிலில், ஏனென்றால் ஒடியப் பேச்சில் அந்த நீட்டல் பொருளை மாற்றுவதில்லை. இரண்டு பேருக்கும் பொதுவான தடங்கல் ஒன்று: ‘கல்’ என்பதிலும் ‘மகன்’ என்பதிலும் ஒரே ககரம், ஒலி வேறு. அவர்கள் மொழியில் அதற்கு வேறு வேறு எழுத்து. ‘மகன்’ என்பதை அழுத்தமான ககரத்தோடு வாசித்தால் அது சோம்பல் இல்லை. சொல்லின் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று என்று பத்துச் சொற்களைச் சொல்லிக்காட்டினால் குழந்தை பிடித்துக்கொள்ளும். (மாற்றுச் சான்றிதழ் இல்லை, வயதுச் சான்று இல்லை என்று இந்தக் குழந்தைகளைத் திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை என்பதையும் இங்கே நினைவூட்டி வைக்கிறோம்.)

தலைமையாசிரியர்கள் பற்றி ஒரு வார்த்தை. தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியருக்கும் சொந்த வகுப்பு உண்டு, எழுந்து போய் அடுத்த வகுப்பைப் பார்க்க முடியாது. அதனால் வாரத்தில் ஒரு பாடவேளை இரண்டு வகுப்பையும் ஒன்றாக உட்காரவைப்பது நல்லது. தலைமையாசிரியர் பாடம் நடத்த, மற்ற வகுப்பாசிரியர் பின்னால் உட்கார்ந்து பார்க்கட்டும். அடுத்த வாரம் இவர் நடத்த அவர் பார்க்கட்டும். பார்ப்பவர் ஆசிரியரையே பார்த்துக்கொண்டிருந்தால் பிரயோஜனம் இல்லை. 20 நிமிடத்தில் எத்தனை குழந்தைகள் வாய் திறந்தார்கள், கடைசி வரிசையில் மூன்று நோட்டில் என்ன இருக்கிறது, இந்த இரண்டை மட்டும் பார்த்தால் போதும். அன்றைக்கே பத்து நிமிடம் பேசிவிட வேண்டும், பதிவேட்டில் எழுதக் கூடாது. எழுதினால் அது ஆய்வு ஆகிவிடும். ஆய்வு என்றால் குழந்தைகளுக்கு முந்தின நாளே விடை தெரிந்திருக்கும்.

இதெல்லாம் சின்னக் குழந்தைகள் சமாசாரம், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தைப் பாருங்கள் என்பார்கள் சிலர். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, வடிவியலும் வரைபடமும் 16, ஆக 30. இன்னும் ஐந்தைத் தேற்றிவிட்டால் 35. ‘மெல்லக் கற்போர்’ என்று பெயர் வைத்து ஜனவரியிலிருந்து இந்த 35-க்குத்தான் மாலை வகுப்பு நடக்கிறது. நடத்தும் ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டோம், விகிதம் குறைந்தால் விளக்கம் கேட்கப்படுவது அவர்களைத்தான். ஆனால் வரைபடத்தில் அளவுத் திட்டம் எடுக்கத் தெரியாமல் அந்தப் பிள்ளை திணறுவதன் வேர், நான்காம் வகுப்பில் யாரும் பார்க்காமல் விட்ட இடமதிப்பில் இருக்கிறது. பத்தாம் வகுப்பு ஆசிரியர்களும் வருடத்துக்கு ஒருமுறை இந்தக் கூட்டத்துக்கு வந்து நோட்டுகளைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

கெட்டுப்போக வழிகளும் உண்டு. வட்டாரக் கல்வி அலுவலர் முன்வரிசையில் உட்கார்ந்து ‘இது எந்த ஸ்கூல் நோட்டு?’ என்று ஒரு முறை கேட்டால் போதும், கூட்டம் அத்தோடு முடிந்தது. ஆகவே அட்டையில் பள்ளிப் பெயரை மறைத்து எண் மட்டும் போட வேண்டும். இரண்டாவது, பள்ளி விவரங்களைப் பதியும் அரசின் எமிஸ் செயலி. இந்தக் கூட்டத்தின் விவரங்களையும் அதில் ஏற்றச் சொன்னால், அடுத்த கூட்டத்திலேயே எல்லா நோட்டிலும் சரியான விடை மட்டும்தான் இருக்கும். மூன்றாவது, நேரம். முழு நாள் வேண்டாம். மதியத்துக்குமேல் ஒன்றரை மணி நேரம்: பிரிக்க 40 நிமிடம், மருந்தைப் பேச 30, செய்து பார்க்க 20. ஈராசிரியர் பள்ளியிலிருந்து ஒருவர் மட்டும் வரட்டும், அடுத்த கூட்டத்துக்கு மற்றவர்.

பெற்றோருக்கும் இதைக் காட்டலாம், அவர்கள் வரக்கூடிய நேரத்தில் கூப்பிட்டால். காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் போய், ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவு எட்டரைக்கு வெளியே வருகிறவர்களை வெள்ளிக்கிழமை மதியம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரச் சொன்னால் யார் வருவார்? ஒரு நாள் சம்பளம் போகும். ஞாயிறு காலை பத்து மணி என்றால் வருவார்கள்.

மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்களை நாங்கள் கேட்பது, ஒன்றுவிட்டு ஒரு மாதம் குறுவள மையக் கூட்டத்தைப் பவர்பாயிண்ட் இல்லாமல் எங்களிடம் விட்டுவிடுங்கள் என்பதுதான். எல்லா வட்டாரத்திலும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. பவானியோ கோபியோ தாராபுரமோ, ஏதாவது ஒரு வட்டாரத்தில் இரண்டாம் பருவம் தொடங்கும்போது ஆரம்பித்து மூன்று கூட்டம் நடத்திப் பார்க்கலாம். நோட்டுகளை மட்டும் அன்று மாலையே குழந்தைகளிடம் சேர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் வீட்டுப்பாடம் எழுத அவர்களிடம் வேறு நோட்டு இருக்காது.

இப்படிக்கு,
ஈரோடு, திருப்பூர் மாவட்ட அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்கள், ஆசிரியர்கள் சிலர்