பம்பிள்பீ என்று எழுதி விற்ற பாம்பு: புகார்

டோர்ட்முண்ட்,
நவம்பர் 12

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளருக்கு,

வணக்கம்.

கடந்த செப்டம்பரில், ஹம் நகர சென்ட்ரல்ஹாலன் மண்டபத்தில் நடந்த ஊர்வனச் சந்தையில், உங்கள் மேசையில் 180 யூரோ கொடுத்து ஒரு பந்து மலைப்பாம்புக் குட்டி வாங்கினேன். பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் "பம்பிள்பீ, பெண், இந்த வருடக் குட்டி" என்று மட்டும் இருந்தது. பம்பிள்பீ என்பது இந்த இனத்தில் ஒரு நிற வகையின் பெயர். அந்தப் பாம்புக்குப் பிறவியிலேயே சமநிலைக் கோளாறு. அது இருக்கும் என்பது விற்கும்போதே உங்களுக்குத் தெரியும். என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. இதுதான் என் புகார்.

உங்கள் மேசையில் நின்ற தம்பி என்னோடு தமிழில் கதைத்துத்தான் விற்றார். அக்டோபரில் நீங்கள் அனுப்பிய மறுமொழியும் தமிழில்தான் வந்தது. அதனால் நானும் தமிழிலேயே எழுதுகிறேன். ஜெர்மன் பிரதி பதிவுத் தபாலில் வருகிறது.

ஹம் எங்களுக்குப் புது ஊர் இல்லை. காமாட்சி அம்மன் கோயிலுக்கு 2002 கும்பாபிஷேகத்தில் இருந்து வருடா வருடம் தேருக்குப் போகிறோம். அதே ஊரில் வருடத்துக்கு நான்கு தடவை இவ்வளவு பெரிய பாம்புச் சந்தை கூடுகிறது என்பதை என் மகள்தான் கண்டுபிடித்தாள். இரண்டு வருடம் புத்தகம் படித்து, வெப்பமானி, ஈரப்பதமானி, பாம்பு ஒளிந்திருக்க இரண்டு மறைவிடம் எல்லாம் வைத்துக் கண்ணாடிப் பெட்டியைத் தயார்பண்ணின பிறகுதான் பாம்பு வேண்டும் என்று கேட்டாள். அவசரத்தில் வாங்கினவர்கள் இல்லை நாங்கள்.

அன்று உங்கள் மேசையில் மூடி போட்ட பிளாஸ்டிக் கிண்ணங்கள் அடுக்கடுக்காக இருந்தன. இந்த இனம் பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுவிடும், அதனால்தான் அந்தப் பெயர். அவ்வளவு சனத்துக்கு நடுவில் எங்கள் குட்டியும் அப்படித்தான் இருந்தது. எலுமிச்சை மஞ்சளில் மெல்லிய கறுப்புக் கோடுகள், நல்ல வடிவு. தலையை நாங்கள் பார்க்கவே இல்லை. ஏதும் வருத்தம் இருக்கிறதா என்று நான் வாய்விட்டுக் கேட்டேன். "ஒன்றும் இல்லை அண்ணை, நல்லாய்ச் சாப்பிடுது. வளர்ந்ததும் ஆணோடு சேர்த்து முட்டை வைப்பிச்சால் போட்ட காசை எடுத்திடலாம்" என்றார் தம்பி.

வாங்கி மூன்றாம் வாரம், முதல் தடவை நான் பக்கத்தில் இருந்து பார்க்கத் தீன் கொடுத்தோம். உறைபதத்தில் இருந்து இளக்கிச் சூடாக்கிய எலிக்குஞ்சை மகள் இடுக்கியில் பிடித்திருந்தாள். பாம்பு வெளியே வந்தது, நாக்கை நீட்டியது. பிறகு தலை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து, மேலே போய், திருகாணி திருகுவதுபோலச் சுற்றத் தொடங்கியது. தாடை வானத்தைப் பார்த்தது. எலி இடது பக்கம் இருக்க, அது வலது பக்கம் ஒரு சாண் தள்ளி வெறும் காற்றைக் கொத்தியது. மூன்று தடவை அப்படி. நாலாம் தடவை நிலை தவறிப் பிரண்டு, வெள்ளை வயிறு மேலே தெரியக் கிடந்தது, நிமிரத் தெரியாமல். மகள் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, "அப்பா, நான் ஏதும் பிழையாய்ச் செய்திட்டேனா?" என்று கேட்டாள்.

அவள் ஒரு பிழையும் செய்யவில்லை. ஊர்வன வைத்தியர் படத்தைப் பார்த்ததுமே, "இது ஸ்பைடர்" என்றார். ஸ்பைடர் என்பது இந்த இனத்தின் நிறத்தையும் கோலத்தையும் மாற்றும் ஒரு மரபணு. பாஸ்டல் என்ற இன்னொரு நிற வகையோடு அது சேர்ந்தால் வருவதுதான் பம்பிள்பீ. அந்த மரபணு உள்ள பாம்புகள் எல்லாவற்றிலும், கூடவோ குறையவோ, இந்தத் தலையாட்டம் உண்டு. முதல் ஸ்பைடர் ஆப்பிரிக்காவில் இருந்து அமெரிக்காவுக்குப் போனது 1999இல். அதன் வழிவந்த பாம்புகளில் இந்தக் குறை இருப்பது வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. 2022இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் இந்தப் பாம்புகளின் தலையை மைக்ரோ சிடி ஸ்கேனில் படம் எடுத்து, உட்காதின் அரைவட்டக் கால்வாய்களும் அதை ஒட்டிய பையும் உருக்குலைந்திருப்பதைக் காட்டிவிட்டார்கள். எது மேல், எது கீழ் என்று சொல்லும் உறுப்பே அதற்குச் சரியாக அமையவில்லை. இந்த வகையைத் தன் சந்தைகளில் விற்கக்கூடாது என்று பிரித்தானியாவில் ஓர் ஊர்வனச் சங்கம் தடையே போட்டிருக்கிறது.

ஆகவே, "ஸ்பைடர்" என்ற சொல் உங்கள் சீட்டில் இருந்திருந்தால், இரண்டு வருடம் படித்த என் மகளே வேண்டாம் என்றிருப்பாள். அந்த ஒரு சொல்தான் சீட்டில் இல்லை.

என் முதல் கடிதத்துக்கு நீங்கள் எழுதிய மறுமொழியில் மூன்று விஷயம் இருந்தன. "இது இந்த வகைக்கு இயல்பு" என்றீர்கள். இயல்பு என்றால் விற்கும்போது ஏன் சொல்லவில்லை? "சந்தையில் விற்றதற்கு உத்தரவாதம் இல்லை என்று ரசீதில் இருக்கிறது" என்றீர்கள். நீங்கள் வியாபார நிறுவனம், நான் வீட்டுக்கு வாங்கிய ஆள். அப்படி ஒரு வரியை அச்சடித்து என் உரிமையை நீக்க ஜெர்மன் சிவில் சட்டம் உங்களை விடாது. உயிருள்ள விலங்கில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், விற்ற அன்றே அது இருந்தது என்றுதான் 477ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டவேண்டியது நீங்கள். இதுவோ முட்டைக்குள்ளேயே வந்த குறை.

மூன்றாவதாக, "பாம்பைக் கொண்டுவாருங்கள், வேறொரு பம்பிள்பீ தருகிறோம்" என்றீர்கள். அதற்கும் இதே மரபணுதானே? நான் திருப்பித் தரும் பாம்பு டிசம்பர் சந்தையில் இன்னொரு பிள்ளையின் முன்னால் அதே சீட்டோடு இருக்கும், அல்லது உங்கள் வளர்ப்பறையில் முட்டையிடும் என்பதுதான் எனக்குப் பயம். அந்த முட்டைகளில் ஏறக்குறையப் பாதிக்கு இந்தக் கோளாறு போகும். துன்பம் தரும் பிறவிக் குறை வரும் என்று தெரிந்தே விலங்குகளைப் பெருக்கக்கூடாது என்கிறது விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11பி பிரிவு. இங்கே குவால்சுக்ட் என்று சொல்வது இதைத்தான். முட்டை வைப்பிக்கச் சொல்லி என் மகளுக்கு உங்கள் ஆள் சொன்ன புத்தி எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள்.

பாம்பை நாங்கள் தரமாட்டோம். மகள் அதற்குத் தங்கம் என்று பெயர் வைத்துவிட்டாள். கிளைகளை எடுத்துவிட்டோம், விழுந்து அடிபடாமல் இருக்க. மறைவிடத்தை இன்னும் ஒடுக்கமாக்கினோம். இரையை இப்போது இடுக்கியில் ஆட்டுவதில்லை, முகத்துக்கு நேரே தரையில் வைத்துவிட்டுத் தள்ளி இருக்கிறோம். பதற்றம் குறைந்தால் ஆட்டமும் குறைகிறது. இந்த இனம் இருபது, முப்பது வருடம் வாழும். அவ்வளவு காலமும் பார்க்கத் தயாராகத்தான் இருக்கிறோம், ஆனால் தெரிந்து எடுத்த முடிவு இல்லை அது.

விலையில் பாதி, 90 யூரோவையும், வைத்தியருக்குக் கொடுத்த 96 யூரோவையும் இந்தக் கடிதம் கிடைத்து 14 நாளுக்குள் என் கணக்குக்கு அனுப்புங்கள். குட்டியின் தாய் தகப்பன் எவை, எங்கே பிறந்தது என்ற சான்றை எழுத்தில் தாருங்கள். வாங்கிய அன்று அதுவும் தரப்படவில்லை, வளர்ப்புக் குறிப்பும் தரப்படவில்லை. இனி உங்கள் மேசைக்கு வரும் ஒவ்வொரு பம்பிள்பீயின் சீட்டிலும் ஸ்பைடர் என்றும், அதனால் என்ன வரும் என்றும், வாங்குபவர் வாசிக்கக்கூடிய எழுத்தில் போடுங்கள். காசைவிட எனக்கு இது முக்கியம். 14 நாளில் பதில் வராவிட்டால் இந்தக் கடிதமும் காணொளியும் மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்குப் போகும். காசுக்கு வழக்கறிஞரைப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
செப்டம்பர் சந்தையில் உங்களிடம் வாங்கிய வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது, பெட்டிச் சீட்டின் படம், வைத்தியர் அறிக்கையும் கட்டணச் சீட்டும், தீன் எடுக்கும்போது எடுத்த காணொளி