ஹெர்குலிஸ் கதையைப் பாதியில் நிறுத்தாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிரேக்கப் புராணங்களைச் சொல்லி மாணவர்களுக்கு வீரத்தைக் கற்றுக்கொடுப்பது நல்ல யோசனைதான், ஆனால் கதையில் எதைச் சொல்கிறோம், எதை மறைக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். சிறுவர் புத்தகங்களில் ஹெர்குலிஸ் சிங்கத்தைக் கொன்றார், பல தலைப் பாம்பைக் கொன்றார், ஆற்றைத் திருப்பிவிட்டு மாட்டுத் தொழுவத்தைக் கழுவினார் என்று 12 சாகசங்களும் வரிசையாக வந்துவிடும். அவற்றை ஏன் செய்தார் என்பதைப் பலரும் சொல்வதே இல்லை. ஹீரா என்ற பெண் தெய்வம் ஏவிய பித்தில் பெற்ற பிள்ளைகளையே கொன்றவர் அவர். அந்தப் பாவம் தீரத்தான் டெல்ஃபி கோயிலில் குறி கேட்டு, அதன்படி யூரிஸ்தியஸ் என்ற அரசனிடம் ஏவல் வேலை பார்த்தார். அந்த அரசனோ, ஹெர்குலிஸ் காட்டுப்பன்றியை உயிரோடு தூக்கி வந்ததும் பயந்துபோய்ப் பெரிய ஜாடிக்குள் ஒளிந்துகொண்டவன் (இதைச் சொன்னால் வகுப்பே சிரிக்கும்). அப்படிப்பட்டவன் முன்னால் அவ்வளவு பெரிய பலசாலி கைகட்டி நின்றார், செய்த தப்புக்காக.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது புரியாது என்கிறீர்களா? நன்றாகவே புரியும்.

டிராய் நகரத்தின் மேல் படையெடுத்த கிரேக்க வீரன் அக்கிலிஸின் கதையும் அப்படித்தான். பலருக்குத் தெரிந்தது அம்பு பட்டு அவன் சாகக் காரணமான குதிகாலும், கிரேக்கர்கள் ஒளிந்து நகருக்குள் போன மரக்குதிரையும்தான், இரண்டுமே ஹோமரின் இலியட் காவியத்தில் இல்லை. அதன் கடைசிக் காண்டமான 24ஆம் காண்டத்தில் வேறொன்று நடக்கிறது. தன் நண்பனைக் கொன்ற டிராய் இளவரசன் ஹெக்டரைக் கொன்று, அவன் உடலைத் தேரில் கட்டி இழுத்தவன் அக்கிலிஸ். ஹெக்டரின் கிழட்டுத் தகப்பன், டிராய் அரசர் பிரியம், இரவில் எதிரி முகாமுக்கே வந்து, தன் பிள்ளைகளைக் கொன்ற அதே கைகளை முத்தமிட்டு, உடலைக் கொடு என்று கேட்கிறார். இருவரும் அழுகிறார்கள். அக்கிலிஸ் உடலைத் தருகிறான், ஆடு அடித்துச் சாப்பாடு போடுகிறான், இறுதிச் சடங்குக்காக 11 நாள் போரை நிறுத்துகிறேன் என்கிறான். ஹெக்டரின் ஈமச்சடங்கோடு காவியம் முடிகிறது. அந்தக் கூடாரத்தில் யார் பெரிய வீரர், கத்தி இல்லாமல் வந்த கிழவரா, மனம் இறங்கிய அக்கிலிஸா? என் வகுப்பாக இருந்தால் இதைத்தான் கேட்பேன், பதில் எதுவாக இருந்தாலும் காரணம் சொல்லச் சொல்வேன்.

ஐந்தாம் வகுப்புக்குச் சிங்கமும் ஜாடியும் போதும், சரி. பெரிய வகுப்புகளிலாவது சாகசப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லித் தேர்வு வைப்பதை விட்டுவிட்டு, பிரியம் வரும் அந்தப் பகுதியை ஒரு பாடவேளையில் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை, தஞ்சாவூர்