பதவிப் பெயர்களின் இலத்தீன் வேர்கள்: ஆங்கிலப் பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். மேனிலை வகுப்புகளின் ஆங்கிலப் பாடநூலை அடுத்த முறை திருத்தும்போது, பதவியையும் தலைமையையும் குறிக்கும் சொற்களின் இலத்தீன் வேர்களுக்கென ஒரு முழுப் பாடம் ஒதுக்குமாறு வேண்டி இம்மடலை எழுதுகிறேன்.

கிங், குயின், லார்டு ஆகியவை பழைய ஆங்கிலச் சொற்கள். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின், அரசவையிலும் மேட்டுக்குடியினரிடமும் பிரெஞ்சு கோலோச்சியதால், இலத்தீனில் பிறந்த பதவிப் பெயர்கள் அதன் வழியே ஆங்கிலத்தில் வந்து குவிந்தன. தலையைக் குறிக்கும் 'காபுட்' என்ற ஒரே சொல்லிலிருந்துதான் கேப்டன், சீஃப் இரண்டும் கிளைத்தன.

மினிஸ்டர் என்பதற்கு இலத்தீனில் பணியாள் என்று பொருள். குறைவைக் குறிக்கும் 'மினுஸ்' அதன் அடி. அதற்கு எதிரே, மிகுதியைக் குறிக்கும் 'மகிஸ்' என்ற அடியிலிருந்து 'மகிஸ்தர்' தோன்றி, மாஸ்டராகவும் மாஜிஸ்திரேட்டாகவும் வளர்ந்தது. மன்னரின் பணியாளர் என்ற வழக்கிலிருந்தே மினிஸ்டர் அமைச்சரைக் குறிக்கலாயிற்று என்பதை மாணவர்கள் அவசியம் அறிய வேண்டும் என்பேன்.

எழுத்துக்கூட்டலில் மாணவர்களை மிகவும் அலைக்கழிக்கும் சொல் கர்னல். தூணைக் குறிக்கும் 'கொலும்னா' இத்தாலிய மொழியில் படை அணியையும் குறிக்க, அவ்வணியின் தலைவர் 'கொலொனெல்லோ' ஆனார். பிரெஞ்சில் முதல் 'ல' ஒலி 'ர' ஆகத் திரிந்து, அவ்வடிவமே ஆங்கிலத்துக்கு வந்தது. பிற்பாடு எழுத்து மட்டும் இத்தாலிய வடிவத்தை ஒட்டி மாறியது, உச்சரிப்பு மாறவில்லை. எழுதும்போது எல், சொல்லும்போது ஆர் என்ற முரண்பாட்டுக்கு இந்த வரலாறே காரணம். இதைச் சொல்லாமல் உருப்போடச் சொல்வது மாணவர்களுக்குச் செய்யும் அநீதி.

நம் ஊர்களில் அன்றாடம் புழங்கும் கலெக்டர் என்ற பெயரும் இப்பாடத்துக்கு உரியதே. ஒன்றுசேர்ப்பதைக் குறிக்கும் 'கொல்லிகெரே' அதன் மூலம். 1772இல் கிழக்கிந்திய கம்பெனி வரி திரட்டும் அதிகாரிக்கு அப்பெயரைச் சூட்டியது. மாவட்ட நிர்வாகத்தின் தலைமைப் பதவிக்கு வரி வசூலிப்பவர் என்ற பெயர் எப்படி வந்தது என்று கேட்கும் மாணவருக்குப் பாடநூலிலேயே விடை இருக்க வேண்டும்.

இலத்தீன் இலக்கணம் கற்பிக்குமாறு நான் கேட்கவில்லை. லெப்டினன்ட் என்பது இன்னொருவரின் இடத்தைத் தாங்கி நிற்பவரைக் குறிப்பது என்று விளக்கி, அதிலுள்ள 'தெனேரே' என்ற வேரைக் காட்டினால், டெனன்ட், டென்யூர், கன்டெய்ன் ஆகியவற்றையும் மாணவர்களே இனங்கண்டுகொள்வர். அத்தகைய பயிற்சிகளைப் பாடநூலிலும், அவற்றுக்கான விளக்கங்களை ஆசிரியர் கையேட்டிலும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர்