எழுப்பிவிடச் சொன்ன குரல்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தொடர்ந்து இரவுப் பணி என்பதால் பகலெல்லாம் தூக்கத்திலேயே போய்விட்டது, இன்றுதான் விடுப்பு. முழங்கால் வலி குறைந்திருப்பதாக எழுதியிருந்தாய், நிம்மதி. வலி குறைந்ததும் மாத்திரையை நீயாகவே நிறுத்திவிடாதே. நாம் நர்சிங் படித்த காலத்திலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

உன் மகன் விஷயத்துக்கு வருகிறேன். நடு இரவில் அவன் அறைக்குள் எட்டிப் பார்த்திருக்கிறாய். வீடியோ கேமில் ஒருவனைச் சுட்டு வீழ்த்திவிட்டு அவன் சிரித்திருக்கிறான். கன்ட்ரோலரைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாய். “நாளைக்கு நிஜமாகவே யார்மீதாவது கை வைத்துவிடுவானோ” என்று கேட்டிருக்கிறாய்.

அந்தப் பயத்தை முதலில் இறக்கி வை. அது நம் பிள்ளைகளைவிட வயதில் மூத்தது. 1976-ல் ‘டெத் ரேஸ்’ என்று ஓர் ஆட்டம் வந்தது. குச்சி குச்சியாக ஓடும் உருவங்களைக் காரால் மோதினால் ஓர் அலறல் கேட்கும், அந்த இடத்தில் ஒரு சிலுவை முளைக்கும். அவ்வளவுதான். அதற்கே அமெரிக்காவில் பெரிய கண்டனம் எழுந்தது. 2019-ல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் பிரிட்டனில் 14, 15 வயதுப் பிள்ளைகள் சுமார் ஆயிரம் பேரையும் அவர்களை வளர்ப்பவர்களையும் கேட்டுப் பார்த்தார்கள். வன்முறை ஆட்டங்களில் செலவிடும் நேரத்துக்கும் பிள்ளைகளின் மூர்க்கத்துக்கும் தொடர்பு தென்படவில்லை என்றார்கள். அமெரிக்க உளவியல் சங்கம் இவ்வளவு தூரம் போகவில்லை. கத்துவது, தள்ளுவது போன்றவற்றோடு சிறு தொடர்பு இருக்கிறது என்கிறது. ஆனால் கொலை போன்ற கொடுமைகளுக்கு இந்த ஆட்டங்களைக் காரணம் காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்று 2020-ல் மறுபடியும் சொன்னது. ஆகவே உன் பிள்ளை கொலைகாரன் ஆகமாட்டான். அதற்காக நீ தூக்கம் கெட வேண்டாம்.

எனக்குத் தூக்கம் கெட்டது வேறொன்றால்.

நானும் இப்போது விளையாடுகிறேன் என்றால் நம்புவாயா? என் மகனுக்குப் பதினைந்து வயது. அவனோடு பேச வேறு வழி கிடைக்காமல்தான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு எனக்கே பிடித்துவிட்டது. முதல் நாள் எனக்குத் தொடையில் குண்டு பட்டது. ஒரு மருந்துப் பெட்டியைத் திறந்தேன், மூன்று எண்ணுவதற்குள், மிச்ச உயிரைக் காட்டும் உயிர்க்கோடு நிரம்பியது, எழுந்து ஓடினேன். தொடையில் குண்டு பட்டால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். பெரிய ரத்தக்குழாய் அறுந்திருந்தால் சில நிமிடங்கள்தான். இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தபடி ஸ்ட்ரெச்சரோடு ஆபரேஷன் தியேட்டர் வரை நாம் ஓடியிருக்கிறோம். உயிர் பிழைத்தவர் ஏழு மாதம் கழித்து ஊன்றுகோலோடு வந்து நின்றபோதுதான் அவர் எவ்வளவு உயரம் என்பதே நமக்குத் தெரிந்தது. ஆட்டத்தில் காயத்துக்கு மறுநாள் என்று ஒன்று இல்லை. விழுந்த உடலும் சற்று நேரத்தில் தானாக மறைந்துவிடுகிறது.

அந்தப் பெட்டியில் சிவப்புச் சிலுவை இல்லாததைக் கவனித்தேன். பச்சையில் ஏதோ ஒரு குறி. தேடிப் படித்தேன். சிவப்புச் சிலுவை, போர்க்கால விதிகளான ஜெனீவா உடன்படிக்கைகளின் பாதுகாப்பில் இருக்கும் சின்னமாம், நினைத்தவர் நினைத்த இடத்தில் போட முடியாது. ‘பிரிசன் ஆர்க்கிடெக்ட்’ என்ற ஆட்டத்தில் ஆம்புலன்ஸ் மேல் அதைப் போட்டதற்காக பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கம் கடிதம் அனுப்ப, அவர்களும் மாற்றிவிட்டார்கள். இன்னொன்றும் தெரிந்தது. போர் ஆட்டங்களில் போர்ச் சட்டமும் இருக்க வேண்டும், பொதுமக்களைச் சுடுபவனுக்கு ஆட்டத்துக்குள்ளேயே அதற்குரிய விளைவு வர வேண்டும் என்று சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு கேட்டிருக்கிறது. 2017-ல் ‘ஆர்மா 3’ என்ற போர் ஆட்டத்தில் அப்படி ஒரு பகுதியே வந்தது. அதில் நீ படைவீரன் இல்லை, சண்டை ஓய்ந்த ஊரில் கண்ணிவெடி அகற்றுகிறவன். யார் எதைப் போட்டுவிட்டுப் போனார்கள் என்பது ஒவ்வொன்றாக உனக்குத் தெரியவரும். சுடாதே என்று யாரும் சொல்லவில்லை. சுட்ட பிறகு என்ன மிஞ்சுகிறது என்று பார்க்கச் சொல்கிறார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது.

“யாருக்கும் வலிக்கவில்லையே அம்மா, அப்புறம் என்ன தப்பு?” என்பான் என் மகன். பாதி உண்மைதான். சதுரங்கத்தில் குதிரையை வெட்டினேன் என்கிறோம், யாருக்கும் மனம் பதறுவதில்லை. அவனும் அவன் நண்பர்களும் சுடுவது பெரும்பாலும் அந்த வெட்டு போலத்தான். ஆனால் அந்த ஒரு வாதம் எல்லாவற்றுக்கும் போதாது. மார்கன் லக் என்ற தத்துவ அறிஞர் 2009-ல் எழுப்பிய கேள்வியை அவனிடம் கேட்டேன். திரையில் கொல்வது வெறும் ஆட்டம், யாருக்கும் வலிக்கவில்லை என்கிறாய். திரையில் ஒரு குழந்தையைப் பாலியல் கொடுமை செய்வதாக ஓர் ஆட்டம் வந்தால்? அங்கேயும் யாருக்கும் வலிக்கப் போவதில்லையே? அவன் முகம் சுளித்தான். “சீ, அது வேறு” என்றான். எப்படி வேறு என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் முழுதாகத் தெரியவில்லை. நாம் எதைப் பார்த்து ரசிக்கிறோம் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது என்று மட்டும் இரண்டு பேருக்கும் புரிந்தது.

இனி, தூக்கம் கெடுத்த கதை. போன மாதம் ஒரு ஞாயிறு. நால்வர் குழு. மூவர் என் மகனும் அவன் நண்பர்களும், நான்காவதாக முன்பின் தெரியாத ஒருவன் வந்து சேர்ந்தான். குரலைக் கேட்டால் எட்டு, ஒன்பது வயதுதான் இருக்கும். “எனக்கு இது புதிது அண்ணா, எங்கே போக வேண்டும்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். இவர்கள் அவனை வெட்டவெளியில் ஓடச் சொன்னார்கள். எதிரி எங்கிருந்து சுடுகிறான் என்று தெரிந்துகொள்ளத்தான். அவன் நம்பி ஓடினான், விழுந்தான். விழுந்தவனைக் குழுவில் ஒருவர் போய்த் தொட்டால் எழுப்பிவிடலாம், அதற்குச் சில நொடிகள் அவகாசம் உண்டு. “எழுப்பிவிடுங்கள் அண்ணா, எழுப்பிவிடுங்கள்” என்றான். மூவரும் அவனைச் சுற்றி நின்றுகொண்டு பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணினார்கள். எண்ணி முடிப்பதற்குள் அந்தக் குரல் உடைந்துவிட்டது. அழுகிறான் என்று தெரிந்ததும் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். கூப்பிட்ட குரலுக்கு ஓடுவதே இருபத்தெட்டு வருடமாக என் பிழைப்பு, அப்படிப்பட்ட நான் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தேன்.

அன்று மாலைக்குள் அந்த ஆட்டத்தில் எத்தனை பேர் செத்திருப்பார்கள், ஒருவரும் என் நினைவில் இல்லை. அந்தப் பையனின் குரல்தான் வார்டு வரை கூடவே வந்தது. அவன் எங்கோ ஒரு வீட்டில் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு அழுதிருப்பான். ஆட்டங்களுக்கு வயது முத்திரை போடுகிறார்கள். அமெரிக்க முத்திரையில் ரத்தம், வன்முறை எல்லாம் எழுதியிருக்கும். ஆனால் இணையத்தில் ஆடுபவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவது மதிப்பிடப்படவில்லை என்று முன்பு வந்த ஆட்டங்களில் அதிலேயே ஒரு வரியும் இருந்தது. நான் அதை ஒருநாளும் படித்ததில்லை.

மறுநாள் மகனிடம் பேசினேன். திட்டவில்லை, என் சிரிப்பிலிருந்தே தொடங்கினேன். “ஆட்டம்தானே அம்மா” என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். இரண்டு நாள் கழித்து, அண்மையில் உடன் ஆடியவர்கள் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடிப் பிடித்து, மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி அனுப்பியிருந்தான். என்னிடம் சொல்லவில்லை, தற்செயலாகத்தான் பார்த்தேன்.

உன் மகனிடம் கன்ட்ரோலரைத் திருப்பிக் கொடுத்துவிடு. ஒரே ஒரு நாள் அவன் ஹெட்ஃபோனை நீ வாங்கி மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் கேள். அவன் என்ன பேசுகிறான், மற்றவர்கள் அவனிடம் என்ன பேசுகிறார்கள் என்று எனக்கு எழுது.

அந்தப் பையனிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. என் மகன் தினமும் ஒருமுறை திறந்து பார்க்கிறான்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி