ரொட்டி சுட்டுத் தந்த அம்மாயிக்கும், மற்ற எல்லாருக்கும்

டித்வா புயல் மழையில் மலை சரிந்து எங்கள் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன், ஆறப்போட்டால் விட்டுப்போகும்.

ராத்திரியோடு ராத்திரியாக எங்களை இழுத்து வெளியே கொண்டுவந்த தோட்டத்து இளைஞர்கள், பாதை அடைபட்ட பிறகு சோற்றுப் பார்சலோடு நடந்தே வந்த பள்ளிவாசல் சகோதரர்கள், தங்கள் மரக்கறித் தோட்டமே மண்ணாகிப் போயிருக்க மிஞ்சிய கரட்டையும் லீக்ஸையும் மூட்டை கட்டி அனுப்பிய வெலிமடைச் சிங்களக் குடும்பம், கொழும்பில் கடை வேலை செய்து சம்பளத்தை அப்படியே அனுப்பிய நம் பிள்ளைகள், நாங்கள் தங்கும் முகாமாகப் பாடசாலையைத் திறந்துவிட்ட அதிபர், பாய் தேடி அலைந்த போதகர் ஐயா எல்லாருக்கும் கைகூப்புகிறேன். தனித்தனியாக எழுதவில்லை என்று நினைக்காதீர்கள்.

மேட்டு லயத்து அம்மாயியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முகாமில் எனக்கு ஜெபம் வரவில்லை. "மலைகள் நடுச்சமுத்திரத்தில் சாய்ந்துபோனாலும்" என்று வேதத்தில் உள்ள 46ஆம் சங்கீதத்தைச் சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்லி வளர்ந்தவள் நான். மலை இறங்கி வந்ததைக் கண்ணால் கண்ட பிறகு அந்த வரியைத் தாண்டி வாய் போகவில்லை. பார்க்க வந்த சிலர் விசுவாசத்தில் திடப்படச் சொன்னார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள், சரி. எனக்கோ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கத்தான் தோன்றியது.

அம்மாயி மாரியம்மனைக் கும்பிடுகிறவர். அவருடைய காம்பராவும், அதாவது லயத்து வீடும், போய்விட்டது. விடியற்காலையில் பாடசாலைக்குப் பின்னால் மூன்று கல்லைக் கூட்டி, எங்கோ கிடந்த தகரத்தைத் தேய்த்துக் கழுவி அடுப்பில் போட்டு, நிவாரணத்துக்கு வந்த கோதுமை மாவில் ரொட்டி தட்டினார். தேங்காய்ப்பூ கிடையாது, உப்பு மட்டும். ஓரம் கருகிய ஒன்றைக் கொச்சிக்காய்ச் சம்பலோடு என் தலைமாட்டில் வைத்து, பக்கத்தில் ஒரு கப் வெறுந்தேத்தண்ணியும் வைத்து, தோளில் தட்டினார். "எழும்பிச் சாப்புடு புள்ள. பொறகு அழுவலாம்." சாப்பிட்டு முடிக்கும்வரை நகரவில்லை. முடிந்ததும் படுத்துத் தூங்கச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாளும் அப்படியே.

அன்றைக்குத்தான் வேதத்தில் வரும் எலியா தீர்க்கதரிசி ஞாபகத்துக்கு வந்தார், 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரம். சூரைச்செடியின் கீழே "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டுப் படுத்துவிட்டவருக்கு ஆண்டவர் பிரசங்கம் பண்ணவில்லை. தூதன் தட்டியெழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கின்றன. தின்றுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார், அதற்கும் ஒரு ஏச்சு இல்லை. இரண்டாம் தரமும் சாப்பாடுதான். இங்கே உனக்கு என்ன காரியம் என்ற விசாரணை எல்லாம் ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான்!

"நாம் பயப்படோம்" என்று சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. மழை இருட்டினாலே கை நடுங்குகிறது. ஆனால் அதே சங்கீதத்தில் "ஆபத்துக்காலத்தில் அநுகூலமான துணை" என்கிற முதல் வசனம் மட்டும் அன்று ராத்திரி வாயில் வந்தது. இப்போதும் அதை வைத்துக்கொண்டுதான் நாளைத் தள்ளுகிறேன். ஒரு பொருத்தனையும் பண்ணியிருக்கிறேன்: இடிந்துபோய்க் கிடக்கிற யாரைக் கண்டாலும் முதலில் சாப்பாடு, அப்புறம்தான் வசனம்.

பழைய இடத்துக்குத் திரும்பக் கூடாது என்று மண்சரிவு ஆபத்தைப் பார்க்கிற கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் சொல்லிவிட்டார்கள். பாடசாலை தொடங்கப்போவதால் வகுப்பறைகளைக் கழுவி ஒப்படைக்கிறோம். நீங்கள் தந்த சட்டி பானைகளும் கம்பளிகளும் போதகர் ஐயா வீட்டு விறாந்தையில் இருக்கின்றன, அவரவர் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தகரத்தை மட்டும் யாரும் தூக்கிவிட வேண்டாம். அம்மாயி அதைக் கேட்டிருக்கிறார்.