கோச்சிடம் சொல்லிவிடு, கண்ணு

அன்பு மகளுக்கு,

நீ நீளம் தாண்டுவதை எடுத்து அனுப்பிய வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஓட்டத்தில் குறை இல்லை. காலை ஊன்றித் தாவும் பலகைக்கு வரும்போதுதான் கடைசிக்கு முந்தின அடியை நீ நீட்டி வைக்கவில்லை. இடுப்பு தாழாமலே இடது காலை ஊன்றுகிறாய். ஊன்றியதும் உதட்டைக் கடிக்கிறாய். தமிழ்ப்பள்ளித் திடலில் நீ தாண்டப் பழகிய காலத்திலிருந்து அந்தக் காலைப் பார்த்து வருகிறவள் நான். "ஒன்றுமில்லை அம்மா, களைப்புதான்" என்கிறாய். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

வலி என்று நான் வாயெடுத்தாலே நீ அஞ்சு பாபி ஜார்ஜை இழுப்பாய். அவர் படம் இன்னும் உன் அலமாரிக் கதவில்தான் இருக்கிறது. எனக்கும் அவர்மேல் கொள்ளை ஆசை. கேரளத்துச் சங்கனாசேரிப் பெண். ஏழு போட்டிகள் சேர்ந்த ஹெப்டத்லானில் தொடங்கி நீளம் தாண்டுதலுக்கு வந்தவர். 2002-இல் பூசானில் ஆசியத் தங்கம். 2003-இல் பாரிஸில் 6.70 மீட்டர் தாண்டி வெண்கலம். உலகத் தடகளப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கமே அதுதான். மறு ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 6.83. வாழ்நாளில் அவர் தாண்டிய அதிகத் தூரம் அது. அதற்கும் பதக்கம் இல்லை. 2005-இல் மொனாக்கோவில் வெள்ளி. முதலில் வந்த ரஷ்ய வீராங்கனை ஊக்கமருந்து விவகாரத்தில் சிக்கியதால், பல வருடம் கழித்து அது தங்கமானது. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அன்றைக்கே மேடை உச்சியில் நிற்க வேண்டிய பெண்!

ஒரே சிறுநீரகம், வலி மாத்திரை ஒத்துக்கொள்ளாத உடம்பு, செத்துப்போன தாவும் கால் என்று 2020-இல் அவர் ஊரறியச் சொன்னார். நீ அதை மட்டும் பிடித்துக்கொண்டாய். அதோடு சேர்த்தே, இதைப் பயிற்சியாளரின் மந்திரம் என்பதா, திறமை என்பதா என்றும் கேட்டிருந்தாரே, அதை விட்டுவிட்டாய். அந்தப் பயிற்சியாளர் அவர் கணவர் பாபி. மும்முறை தாண்டுதல் வீரர். காலின் அருமை தெரிந்தவர். ஊருக்குச் சொல்லாததைத் தெரிந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்க அஞ்சுவுக்கு ஓர் ஆள் இருந்தார். உன் கணுக்கால் சமாச்சாரம் உன் கோச்சுக்குக்கூடத் தெரியாது. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

பலகையை மிதிக்கும் அந்த ஒரு நொடியில் உடம்பு எடையைப் போலப் பல மடங்கு பாரம் ஒற்றைக் காலில் இறங்குகிறது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நீதான். வீங்கிய காலை டேப் சுற்றி ஸ்பைக்ஸ் காலணிக்குள் திணித்துக்கொண்டு அந்தப் பாரத்தை வாங்கினால் அது எத்தனை நாள் தாங்கும்?

தாண்டுவதை விட்டுவிடு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். நீ மணலில் விழுந்து, பின்பக்கம் கை ஊன்றாமல் எழுந்து வரும்போது எனக்கு வரும் சந்தோஷம் வேறு எதிலும் வந்ததில்லை. அடுத்த போட்டி போனால் போகட்டும். அப்பாவும் அதையேதான் சொல்கிறார்.

நாளைக்குப் பயிற்சி தொடங்கும் முன்னால் கோச்சிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. எப்போதிலிருந்து வலிக்கிறது, எந்த அடியில் வலிக்கிறது, ஒன்றையும் குறைக்காதே. ஸ்கேன் எடுக்கச் சொன்னால் நாளைக் கேட்டு எனக்கு எழுது. பட்டர்வொர்த்திலிருந்து இ.டி.எஸ். ரயில் பிடித்து கே.எல். சென்ட்ரல் வந்துவிடுகிறேன். டாக்டரிடம் சேர்ந்தே போகலாம்.

அன்புடன்,
அம்மா