எருக்கஞ்செடியை விட்டுவைத்தவருக்கும் மற்றவர்களுக்கும்

மேடவாக்கத்தில் எங்கள் தெருவில் இருப்பவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்களோடு நடந்த எல்லோருக்கும் வணக்கம்.

நம் குடும்ப இயற்கைக் குழு தொடங்கி ஒரு வருடம் ஆகிறது. முதல் ஞாயிறு வந்தது 3 குடும்பங்கள். இப்போது 17. ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துச் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி காலி மனைக்காரருக்கு. ஐயா, நீங்கள் மனையைச் சுத்தம் செய்ய ஆள் கூட்டி வந்த அன்று, பிள்ளைகள் ஓடிவந்து மூலையில் இருந்த எருக்கஞ்செடியைக் காட்டினார்கள். இலைக்கு அடியில் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வரிபோட்ட புழுக்கள். நீங்களும் குனிந்து பார்த்தீர்கள். "சரி, இந்த மூலையை மட்டும் விட்டுடுங்கப்பா" என்றீர்கள். வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழுக்கள் அவை. எருக்கிலுள்ள நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் பெரும்பாலும் அவற்றைத் தொடுவதில்லை. சில நாளில் அதே செடியில் பச்சையாகக் கூட்டுப்புழு தொங்கியது. அப்புறம் ஒரு காலை, கசங்கின துணிபோல வெளியே வந்த இறக்கை மெல்ல விரிந்ததை 9 பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். என் மகள் அன்று பள்ளி வேனைத் தவறவிட்டாள். எனக்குக் கோபமே வரவில்லை.

பாட்டி, உங்களுக்கு என்ன சொல்வது? கீழாநெல்லி, தும்பை, மூக்கிரட்டை என்று நடக்க நடக்கச் சொன்னீர்கள். குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் பேர் உண்டு என்று சொல்லி வேரோடு பிடுங்கிப் போட்டீர்கள். தெருப் பூனை வந்து அதன்மேல் புரண்டது. பிள்ளைகள் இன்றும் அந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

பைனாகுலரை யோசிக்காமல் சின்னக் கைகளில் கொடுத்த கல்லூரித் தம்பிக்கு நன்றி. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் பெரும்பாக்கம் ஏரிக்கரையில் 15 நிமிடம் நின்று எண்ணக் கற்றுக்கொடுத்தது நீதான். நெற்றியில் வெள்ளையாக இருப்பதால்தான் அது நாமக்கோழி என்று நீ சொன்னதும், பிள்ளைகள் தாங்களாகவே ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். பக்கத்துப் பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்ததும் உன்னால்தான் எங்களுக்குத் தெரியும். அந்த வழியாக எத்தனை வருடம் பேருந்தில் போயிருக்கிறோம்!

விடியுமுன் கடை திறந்து பால் காய்ச்சிய டீக்கடை அண்ணனுக்கும் நன்றி.

பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகக்கூடாது, கூடவே நடக்க வேண்டும் என்று நாங்கள் வைத்த ஒரே விதியைப் பெற்றோர்கள் காப்பாற்றினீர்கள். இரவுச் சவாரி முடித்து, ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த அப்பாவை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது. அண்ணா, குழு நிலைத்தது உங்களைப் போன்றவர்களால்.

எருக்கிலைக்கு அடியில் மறுபடியும் வெள்ளையாக முட்டைகள் தெரிகின்றன. ஞாயிறு காலை 6 மணிக்கு மனை மூலையில் பார்ப்போம்.